மூன்று நாள் பயணம், இரண்டு ஆறுகள்

பாலக்காடு என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? மலம்புழா அணை. திப்பு கோட்டை. இடுக்கி என்றால்? மூணாறு. தேயிலைத் தோட்டம். ஊர் பார்க்க வருகிறவர்களில் பலரும் இவற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள்.

இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் கிழக்கு ஓரம் ஒன்று உண்டு. அது தமிழ்நாட்டை ஒட்டி இருக்கிறது. அங்கே தமிழ் பேசும் மக்கள் நிறைய வாழ்கிறார்கள். அங்கும் மலை உண்டு, காடு உண்டு, அருவி உண்டு. பழைய கல் வீடுகள் உண்டு. நல்ல வெல்லம் உண்டு. நெடுங்காலம் இந்தப் பகுதியை யாரும் அதிகம் கண்டுகொள்ளவில்லை.

வாருங்கள், நாம் போய்ப் பார்த்து வருவோம். கொழிஞ்சாம்பாறை அயல்கூட்டத்துப் பெண்கள் 12 பேர் ஒரு வேனில் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். அவர்களோடு ஒரு பெரியம்மா வருகிறார். ஒரு டீச்சர் வருகிறார். நீங்களும் ஒரு இருக்கையில் உட்கார்ந்து கொள்ளுங்கள்.

நம் வழி இதுதான்:

முதல் நாள்: கொழிஞ்சாம்பாறை – பொள்ளாச்சி – ஆழியாறு – உடுமலைப்பேட்டை.

இரண்டாம் நாள்: உடுமலைப்பேட்டை – அமராவதி அணை – சின்னாறு – மறையூர்.

மூன்றாம் நாள்: மறையூர் – காந்தலூர் – திரும்பும் வழி.

பாலக்காட்டில் தொடங்கி இடுக்கியில் முடிகிற பயணம் இது. ஆனால் நடுவில் தமிழ்நாடு வருகிறது. ஏன்? இரண்டு மாவட்டங்களின் கிழக்கு ஓரங்களுக்கும் இடையே ஆனைமலை நிற்கிறது. மலையைச் சுற்றித்தான் போக வேண்டும்.

பனைமரமும் காற்றும்

வேன் புறப்பட்டது. இரு பக்கமும் பனைமரங்கள். காற்று சன்னல் வழியே வீசுகிறது.

"இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது, டீச்சர்?" என்று பெரியம்மா கேட்டார்.

"மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் போல நிற்கிறது, பெரியம்மா. அந்தச் சுவரில் இங்கே மட்டும் ஒரு பெரிய வாசல். அதுதான் பாலக்காட்டுக் கணவாய். அதன் அகலம் 30 கிலோமீட்டருக்கு மேல். கடல் காற்று அந்த வாசல் வழியாகத்தான் தமிழ்நாட்டுக்குப் போகிறது" என்றார் டீச்சர்.

கணவாய் வழியாகக் காற்று மட்டுமா போயிற்று? வணிகர்கள் போனார்கள். மாட்டு வண்டிகள் போயின. பிறகு ரயில் போயிற்று. மக்கள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குடியேறினார்கள். கொழிஞ்சாம்பாறையில் தமிழும் மலையாளமும் சேர்ந்து ஒலிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேரளம் என்றாலே மழை என்பார்கள். ஆனால் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் மழை குறைவு. கோடையில் குடிநீருக்கே தவிப்பு. அப்படியானால் இங்கே வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அதைப் பார்க்கத்தான் முதலில் போகிறோம்.

முதல் ஆறு: ஆழியாறு

சிறிது தூரத்தில் மாநில எல்லை வந்தது. அதுவரை கடைப் பலகைகளில் மலையாளமும் தமிழும் கலந்திருந்தன. இப்போது தமிழ் மட்டும் தெரிகிறது. மண்ணின் நிறம் மாறவில்லை. தென்னை மாறவில்லை. பலகை மட்டும் மாறியது.

1956 நவம்பர் 1 அன்று மொழிவாரியாக மாநிலங்கள் பிரிக்கப்பட்டன. அன்றுதான் கேரள மாநிலம் உருவானது. எங்கே கோடு போட்டாலும் கோட்டின் இரு பக்கமும் இரு மொழிக்காரர்களும் இருக்கத்தான் செய்வார்கள். தண்ணீருக்கோ மொழியும் தெரியாது, கோடும் தெரியாது.

பொள்ளாச்சியில் தேநீர் குடித்தோம். அங்கிருந்து வால்பாறை போகும் சாலையில் சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் ஆழியாறு அணை. மூன்று பக்கமும் மலை. நடுவில் நீலத் தண்ணீர்.

இது பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தைச் சேர்ந்த அணை. மலையில் பிறக்கும் பல ஆறுகளை அணைகளாலும் சுரங்கக் கால்வாய்களாலும் இணைத்தார்கள். மேற்கே போக இருந்த தண்ணீரில் ஒரு பகுதி கிழக்கே திரும்பியது. கோவை, திருப்பூர் மாவட்டங்களின் வறண்ட நிலங்கள் பாசனம் பெற்றன.

"அப்படியானால் நம் பக்கம் வர வேண்டிய தண்ணீரை எடுத்துக்கொண்டார்களா?" என்று ஒரு அக்கா கேட்டார்.

நல்ல கேள்வி. அதற்காகத்தான் இரண்டு மாநிலங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1970-இல் கையெழுத்தானது. அதன்படி தமிழ்நாடு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரைக் கேரளத்துக்கு விட வேண்டும். மணக்கடவு என்ற இடத்தில் அதை அளக்கிறார்கள்.

டி.எம்.சி. என்றால் என்ன? செய்தியில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழம் உள்ள தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படி 100 கோடி தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தால் அது ஒரு டி.எம்.சி.

அணையிலிருந்து வரும் தண்ணீர் ஆழியாற்றில் ஓடி, எல்லை தாண்டிச் சித்தூர்ப் புழையில் சேர்கிறது. மூலத்தறையில் அதைக் கால்வாய்களில் திருப்பி விடுகிறார்கள். சித்தூர் வயல்களில் நெல் விளைகிறது. மிச்சத் தண்ணீர் பாரதப்புழையில் கலந்து, பொன்னானியில் கடலைச் சேர்கிறது.

தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் இரு பக்கத்து விவசாயிகளுக்கும் கோபம் வரும். "எங்களுக்குப் போதவில்லை" என்று இவர்களும் சொல்வார்கள். அவர்களும் சொல்வார்கள். அப்போது அடித்துக்கொள்ளாமல் பேசித் தீர்க்கத்தான் அளவும் ஒப்பந்தமும் இருக்கின்றன.

இன்னொரு செய்தி. பரம்பிக்குளம் அணை இருப்பது கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில். அதை இயக்குவது தமிழ்நாடு. பாலக்காட்டிலிருந்து பரம்பிக்குளத்துக்குப் பேருந்தில் போக வேண்டுமா? பொள்ளாச்சி, சேத்துமடை வழியாகத்தான் போக முடியும். நம் மாவட்டத்து ஊருக்கு அடுத்த மாநிலத்தின் வழியாகப் போகிறோம்! அங்கே கன்னிமரா என்ற பெரிய தேக்கு மரம் இருக்கிறது. அதைச் சுற்றிப் பிடிக்கப் பல பேர் கைகோக்க வேண்டும். அது இன்னொரு பயணத்துக்கு இருக்கட்டும்.

இரவு உடுமலைப்பேட்டையில் தங்கினோம்.

அணையும் முதலைகளும்

மறுநாள் காலையில் அமராவதி அணைக்குப் போனோம். காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1950-களில் கட்டிய அணை. அருகில் முதலைப் பண்ணை உண்டு. முதலைகள் வாயைத் திறந்தபடி அசையாமல் கிடக்கும். பொம்மை என்று நினைத்து வேலிக்குள் கை நீட்டக் கூடாது.

அணையில் நிற்கும் தண்ணீர் திருப்பூர், கரூர் மாவட்டங்களின் வயல்களுக்குப் போகிறது. ஐம்பதாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம். ஆறு கரூர் அருகே காவிரியில் கலக்கிறது.

"இந்தத் தண்ணீர் எந்த மலையிலிருந்து வருகிறது?" என்று பெரியம்மா கேட்டார்.

டீச்சர் தெற்கே கை காட்டினார். "அந்த மலைக்குப் பின்னால்தான் நாம் போகப் போகிறோம். போய்ப் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்."

சின்னாறு: மழை மறைந்த காடு

உடுமலைப்பேட்டையிலிருந்து மறையூர் சுமார் 40 கிலோமீட்டர். பாதி வழிக்கு மேல் காடு. முதலில் ஒன்பதாறு சோதனைச் சாவடி. பிறகு சின்னாறு பாலம். பாலத்தைத் தாண்டினால் மீண்டும் கேரளம், இடுக்கி மாவட்டம்.

சாவடியில் ஒரு பலகை இருந்தது. டீச்சர் படிக்கவில்லை. "நீங்களே படியுங்கள்" என்றார். ஒரு அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். வண்டியை நிறுத்தாதே. இறங்காதே. ஒலிப்பான் அடிக்காதே. பிளாஸ்டிக் போடாதே. விலங்குக்குத் தீனி கொடுக்காதே.

இது யானைகள் கடக்கும் பாதை. ஆகவே பகலில் போவது நல்லது. சாலை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று சாவடியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சின்னாறு வனவிலங்கு சரணாலயம் 1984-இல் ஏற்பட்டது. கேரளக் காடு என்றால் அடர்ந்த பச்சை என்று நினைப்போம். இங்கே அப்படி இல்லை. முள் மரங்களும் கள்ளிச் செடிகளும்தான் அதிகம். மேற்கிலிருந்து வரும் மழை மேகம் உயர்ந்த மலையில் மோதி அந்தப் பக்கமே பெய்துவிடுகிறது. இந்தப் பக்கம் மலையின் மறைவில் இருக்கிறது. அதனால் இதை மழை மறைவுப் பகுதி என்பார்கள்.

வறண்ட காடுதான். ஆனால் வெறுங்காடு அல்ல. வேறு இடங்களில் அரிதாகிவிட்ட சாம்பல் நிற மலை அணில் இங்கே வாழ்கிறது. நட்சத்திர ஆமையும் வாழ்கிறது. அதன் ஓட்டில் நட்சத்திரம் வரைந்தது போல இருக்கும். "வீட்டில் வளர்த்தால் செல்வம் வரும்" என்று யாராவது ஆமையை விற்க வந்தால் நம்பாதீர்கள். செல்வம் வராது. வழக்குத்தான் வரும். அதைப் பிடிப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இந்தக் காட்டுக்குள் முதுவர், மலைப்புலையர் குடிகள் இருக்கின்றன. அவர்கள் வேடிக்கைப் பொருள் அல்லர். அவர்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது.

மேலே ஏற ஏறக் குளிர்ந்தது. தூரத்தில் மலை மேல் ஒரு வெள்ளைக் கோடு. அதுதான் தூவானம் அருவி. அதற்குக் கீழே ஓடுவது பாம்பாறு.

மறையூர்: சந்தனமும் கல் வீடும்

மறையூரில் முதலில் கண்ணில் படுவது வேலி. வேலிக்குள் சந்தன மரங்கள். கேரளத்தில் சந்தனம் தானாக வளரும் காடு மறையூரில்தான் பெரிது.

சந்தன மரத்தின் இலையை முகர்ந்தால் மணம் இல்லை. பூவிலும் இல்லை. மணம் மரத்தின் நடுவில் உள்ள வைரத்தில் இருக்கிறது. அது முற்றப் பல ஆண்டுகள் ஆகும். சந்தனம் தனியாகவும் வளராது. பக்கத்து மரங்களின் வேர்களிலிருந்து தனக்கு வேண்டியதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். ஆகவே சந்தனம் வேண்டும் என்றால் பக்கத்து மரமும் இருக்க வேண்டும். காடு முழுதாக இருக்க வேண்டும்.

விலை அதிகம் என்பதால் திருட்டும் உண்டு. வெட்டச் சொல்லும் பெரிய ஆள் தூரத்தில் இருப்பான். கூலிக்கு வெட்டுகிற ஏழைதான் பிடிபடுவான். வனத்துறை விழுந்த மரங்களையும் காய்ந்த மரங்களையும் எடுத்து ஏலம் விடுகிறது.

பக்கத்துப் பாறை மேல் முனியறைகள் இருக்கின்றன. மூன்று பக்கமோ நாலு பக்கமோ பலகைக் கல். மேலே ஒரு மூடு கல். முனிவர்கள் தங்கியது என்று ஊரார் சொல்வார்கள். இறந்தவர்களுக்காக எழுப்பிய நினைவிடம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. சில கற்கள் சாய்ந்துவிட்டன. சிலவற்றில் யாரோ தங்கள் பெயரைக் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். எழுதப் படிப்பது பெருமை. ஆனால் எழுத இடம் தெரிய வேண்டும்.

உருண்டை வெல்லம்

கரும்புத் தோட்டத்து நடுவில் ஒரு கொட்டகை. புகை வந்தது. இனிப்பு மணம் வந்தது. உள்ளே போனோம்.

கரும்பை ஆலையில் பிழிகிறார்கள். சாற்றைப் பெரிய கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சுகிறார்கள். அடுப்புக்கு விறகு வாங்குவதில்லை. பிழிந்த சக்கையைக் காய வைத்து அதையே எரிக்கிறார்கள். கொதிக்கும்போது கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள். அழுக்கு நுரையாக மேலே வரும். அதை அள்ளி எடுக்கிறார்கள். பாகு பதம் வந்ததும் தொட்டியில் கொட்டி ஆற விடுகிறார்கள். கை பொறுக்கும் சூட்டில் உருண்டை பிடிக்கிறார்கள். வெல்லத்தில் விரல் தடம் தெரியும். 100 கிலோ கரும்பு பிழிந்தால் சுமார் 10 கிலோ வெல்லம் கிடைக்கும்.

"பொள்ளாச்சிச் சந்தையில் இதைவிட விலை குறைவாகக் கிடைக்கிறதே, அண்ணா?" என்று ஒரு அக்கா கேட்டார்.

"கிடைக்கும் அம்மா. அது வேறு வெல்லம். அதை அதன் பெயரில் விற்றால் எங்களுக்கு வருத்தமில்லை. வெளியிலிருந்து வாங்கி வந்து, 'மறையூர் வெல்லம்' என்று பெயர் மாற்றி விற்கிறார்கள். அந்த விலைக்கு எங்களால் கொடுக்க முடியாது. பிறகு யார் கரும்பு நடுவார்கள்?" என்றார் வெல்லம் காய்ச்சுபவர்.

இதற்கு ஒரு பாதுகாப்பு வந்திருக்கிறது. 2019-இல் மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஓர் ஊரின் மண்ணாலும் நீராலும் கைத்திறனாலும் வரும் பொருளுக்கு, அந்த ஊர்ப் பெயரை வேறு யாரும் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதே இதன் பொருள். பெயரும் ஒரு சொத்து.

ஆனால் சட்டம் மட்டும் போதாது. வாங்குகிறவர் பார்த்து வாங்க வேண்டும். பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள். யார் செய்தது? எந்த ஊர் முகவரி? எடை எவ்வளவு? என்றைக்குச் செய்தது? முடிந்தால் கொட்டகையிலேயே வாங்குங்கள். காசு நேராக உழைத்தவர் கைக்குப் போகும்.

காந்தலூர்: தங்கம் வாங்கிய ஊர்

மூன்றாம் நாள் காலை காந்தலூர் போனோம். மலைச் சரிவில் படிப்படியாக வயல்கள். வெள்ளைப்பூண்டு, பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு. ஆப்பிள் மரமும் உண்டு. கேரளத்தில் ஆப்பிள் விளையும் ஊர் இது.

மறையூர், காந்தலூர், காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களைச் சேர்த்து அஞ்சுநாடு என்பார்கள். முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்கிறார்கள். வீட்டில் பேசுவது தமிழ்.

2023-இல் மத்தியச் சுற்றுலா அமைச்சகம் சிறந்த சுற்றுலாக் கிராமங்களைத் தேர்ந்தெடுத்தது. காந்தலூருக்குத் தங்க விருது கிடைத்தது. காந்தலூர், வட்டவடைப் பகுதிப் பூண்டுக்கு 2022-இல் புவிசார் குறியீடு அறிவிக்கப்பட்டது. இந்தப் பூண்டு தமிழ்நாட்டில் வடுகபட்டி, மேட்டுப்பாளையம் சந்தைகளுக்குப் போகிறது.

விருது வந்தது. வண்டிகளும் வருகின்றன. நல்லதுதான். ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. வருகிறவர்களால் ஊருக்கு என்ன மிஞ்சுகிறது? ஊர்க்காரர் வீட்டில் சாப்பிட்டு, ஊர்க்காரர் பொருளை வாங்கினால் காசு மிஞ்சும். சோற்றைக் கட்டிக்கொண்டு வந்து, தின்றுவிட்டுப் போனால் குப்பைதான் மிஞ்சும். விடுதி கட்டுவதற்காக வயலை விற்றுவிட்டால் பார்க்க வருவதற்கே ஒன்றும் மிஞ்சாது.

இரண்டாவது ஆறு: பாம்பாறு

திரும்பும் வழியில் பாம்பாற்றைப் பார்த்தபடி நின்றோம்.

பெரியம்மா சொன்னார்: "நேற்று அமராவதியில் கேட்டேனே, அந்தத் தண்ணீர் இதுதானே?"

ஆம், இதுதான். கேரளத்தில் 44 ஆறுகள் உண்டு. 41 ஆறுகள் மேற்கே ஓடி அரபிக்கடல் பக்கம் போகின்றன. கபனி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்று மட்டும் கிழக்கே ஓடுகின்றன. மூன்றும் காவிரியில் சேர்கின்றன. பாம்பாறு இறங்கிச் சின்னாற்றோடு சேர்கிறது. தமிழ்நாட்டில் அதன் பெயர் அமராவதி.

இதிலும் பங்கு உண்டு. 2007-இல் காவிரி நடுவர் மன்றம் கேரளத்துக்கு 30 டி.எம்.சி. ஒதுக்கியது. கபனியில் 21. பவானியில் 6. பாம்பாற்றில் 3. 2018-இல் உச்ச நீதிமன்றமும் இந்த 30 டி.எம்.சி.யை மாற்றவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். முதல் நாள் பார்த்த ஆழியாறு தமிழ்நாட்டிலிருந்து வந்து பாலக்காட்டு வயலை நனைக்கிறது. மூன்றாம் நாள் பார்த்த பாம்பாறு இடுக்கியிலிருந்து போய்த் தமிழ்நாட்டு வயலை நனைக்கிறது. இங்கே காட்டை அழித்தால் அங்கே வயல் காயும். அங்கே மதகை மூடினால் இங்கே நெல் கருகும். எல்லை ஓரத்து ஊர்கள் இரண்டு மாநிலங்களின் கடைசி ஊர்கள் அல்ல. இரண்டையும் இணைக்கும் ஊர்கள்.

கணக்குப் பார்ப்போம்

வேன் வாடகை ஒரு நாளைக்கு 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 3 நாளுக்கு 12,000 ரூபாய். 12 பேர் பங்கிட்டால் ஒருவருக்கு 1,000 ரூபாய். சாப்பாடு நாளுக்கு 300 வீதம் 900 ரூபாய். தங்க ஓர் இரவுக்கு 250 வீதம் 500 ரூபாய். மொத்தம் 2,400 ரூபாய். மாதம் 200 ரூபாய் சேர்த்தால் ஒரே ஆண்டில் போய் வரலாம்!

சொற்பொருள்

கணவாய் – மலைகளுக்கு இடையே உள்ள வழி
சரணாலயம் – விலங்குகளுக்குப் பாதுகாப்பான காடு
வைரம் – மரத்தின் முற்றிய நடுப்பகுதி
புவிசார் குறியீடு – ஊர்ப் பெயரால் அறியப்படும் பொருளுக்கு அரசு தரும் பாதுகாப்பு

பேசுவோம்

1. ஆழியாறு எந்தப் பக்கம் ஓடுகிறது? பாம்பாறு எந்தப் பக்கம் ஓடுகிறது?
2. சின்னாற்றில் மழை குறைவாக இருப்பது ஏன்?
3. மறையூர் வெல்லம் என்று சொல்லி வேறு வெல்லத்தை விற்றால் யாருக்கு நட்டம்?
4. உங்கள் ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? உங்கள் ஊரைத் தாண்டி அது யாருக்குப் போகிறது?

எழுதுவோம்

1. உங்கள் வீட்டில் உள்ள ஏதாவது ஒரு பொட்டலத்தை எடுங்கள். அதில் உள்ள பெயர், முகவரி, எடை, தேதி ஆகியவற்றைப் பார்த்து எழுதுங்கள்.
2. உங்கள் ஊரில் வெளியூரார் பார்க்க வேண்டிய மூன்று இடங்கள் எவை? ஒவ்வொன்றைப் பற்றியும் இரண்டு வரி எழுதுங்கள்.
3. வருகிறவர்கள் உங்கள் ஊரில் என்ன செய்யக் கூடாது? ஒரு அறிவிப்புப் பலகை எழுதுங்கள்.